பொடவுச் சிலந்திக்கு யார் பெயர் வைப்பது?

பாறைகளுக்கு நடுவில் உள்ள குகையைத்தான் எங்கள் பக்கம் பொடவு என்போம். ஒரு சிலந்தியைப் புதிய இனம் என்று அறிவிக்கும் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் யாராவது படித்திருக்கிறீர்களா? நான் இந்த மாசியில்தான் படித்தேன். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. குரங்கு வராமல் காவல் இருக்க வேண்டும், வேறு வேலை இல்லை. கலைச்சொல் ஒவ்வொன்றையும் செல்போனில் தேடித் தேடி, ஒரு வாரம் இழுத்துப் படித்து முடித்தேன்.

2012இல் ‘ஸூகீஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் குகைகளில், 2010இல் குகை ஆர்வலர்கள் கண்ணில் பட்ட சிலந்தி அது. கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கிரிஸ்வோல்டும் அவரோடு இரண்டு பேரும் அதை ஆராய்ந்து ‘ட்ரோக்ளோராப்டர் மார்ச்சிங்டோனி’ என்று பெயர் வைத்தார்கள். பெயரின் பின்பாதி நீல் மார்ச்சிங்டன் என்பவருக்கு மரியாதை. அவர் பேராசிரியர் இல்லை. காவல்துறையில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் குகை குகையாக இறங்கி உயிரினங்களைத் தேடியவர். அந்த இடத்தில் எனக்கு மனசு நிறைந்துபோனது.

கால்களை விரித்தால் சுமார் ஏழரை செ.மீ. அகலம். ஆறு கண். நாலைந்து இழை மட்டும் விட்டு, கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. கால் நுனியில் நீண்டு வளைந்த நகம். காப்பிப் பழம் பறிக்கும்போது உயரக் கிளையை வளைத்து இழுக்கக் கையில் ஒரு கொக்கி வைத்திருப்போமே, படத்தில் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. பறந்து வரும் இரையை அந்த நகத்தால் பிடிக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ஆனால் இரை எது என்பது அப்போது தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதியும் இருக்கிறார்கள். ஏற்கெனவே இருந்த சிலந்திக் குடும்பம் எதிலும் அதைச் சேர்க்க முடியாததால், அதற்கென்று ஒரு புதுக் குடும்பமே உண்டாக்க வேண்டி வந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது, அவர்கள் விவரித்திருக்கும் விதம். சிலந்திக் காலில் ஏழு கணு. ஒவ்வொரு கால் இணையிலும் ஒரு காலைக் கணுக் கணுவாக அளப்பது இந்தத் துறையில் வழக்கம், அதுவும் மில்லிமீட்டரில் இரண்டு தசம இடம் வரைக்கும். ஒரு கண்ணின் விட்டம் எவ்வளவு, அதற்கும் பக்கத்துக் கண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு, தாடையில் எத்தனை பல், எந்தக் காலில் எத்தனை முள், எல்லாம் உண்டு. நிறத்தை யாரும் பெரிதாக நம்புவதில்லை. சாராயத்தில் போட்டு வைத்தால் நிறம் வெளுத்துவிடும். பெரும்பாலும் முடிவைச் சொல்வது இனப்பெருக்க உறுப்புதான். ஆணுக்கு வாய்ப் பக்கத்து உணர்கால் நுனி பருத்து, உள்ளே சுருளும் கொக்கியுமாக இருக்கும். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு சிறு தகடு. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு சிலந்தியை நுண்ணோக்கியில் பிரித்துக் காட்டுவது இவைதான். இத்தனையும் எழுதி, ஒரு மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் அருங்காட்சியகத்தில் வைத்த பிறகே பெயர் செல்லும். நாளைக்கு ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு 1758இல் வந்த லின்னேயஸின் நூல்தான் தொடக்கம் என்றாலும், சிலந்திக்கு மட்டும் அதற்கு முந்தைய வருஷம் கிளர்க் என்ற ஸ்வீடன்காரர் வைத்த பெயர்களும் செல்லும். அவ்வளவு கச்சிதமான வேலை அவருடையது.

இதே 2012இல் லாவோஸ் நாட்டுக் குகையிலிருந்தும் ஒரு சிலந்தி வந்தது. பிராங்பர்ட் சென்கென்பர்க் நிறுவனத்தின் பீட்டர் யேகர் விவரித்த ‘சினோபோடா ஸ்குரியன்’. வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் வகை. நம் வீட்டுச் சுவரில் கரப்பானைத் துரத்துமே, தட்டையான பெரிய சிலந்தி, அதன் பங்காளி. இதற்குக் கண்ணே கிடையாது. இதன் சொந்தங்களில், இருட்டில் இருப்பவற்றுக்குக் கண் வெவ்வேறு அளவில் சுருங்கிக்கொண்டே போகிறது. பரிணாமம் பாதி வழியில் நிற்பதைக் கண்ணெதிரே காட்டும் சாட்சி அது.

குகைக்குள் இருப்பதெல்லாம் குகைவாசி ஆகிவிடாது. சில, பகலுக்கு ஒதுங்கிவிட்டு இரவில் வெளியே போகும். சில, உள்ளேயும் வாழும் வெளியேயும் வாழும். சில, வெளியே வந்தால் பிழைக்கவே முடியாது: வெளிறிய உடம்பு, நீண்ட கால், குறைந்த முட்டை. இந்த மூன்றாவது வகைக்குப் பல சமயம் அந்த ஒரு குகைதான் உலகம்.

எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் இருப்பவை லாவோஸில் உள்ளதுபோல் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உண்டாக்கிய குகைகள் அல்ல. பழனி மலை சார்னோக்கைட் பாறை, தண்ணீரில் கரையாது. பாறை பிளந்த இடுக்கும், உருண்டு வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற பாறைகளுக்கு நடுவில் உள்ள பொடவும்தான் எங்களுக்கு. மேலிருந்து வெளிச்சம் ஒழுகும், வேர் தொங்கும். முழு இருட்டுள்ள இடம் கொஞ்சம்தான். அதனால் கண்ணில்லாத சிலந்தி இங்கே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. தேடிப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன்.

போன பங்குனியில், எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள பொடவுக்குப் பளியர் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் கூட்டிப்போனார். தேன் எடுக்கப் போகிறவர், அந்தச் சரிவில் கல் கல்லாகத் தெரிந்தவர். வாசலிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, லைட்ட மேல அடிக்காதீங்க, வௌவால் கலைஞ்சிரும். கீழ பாத்து வாங்க.”

“சிலந்தி எங்கண்ணே இருக்கும்?”

“ஈரம் இருக்கற மூலையில பாருங்க.”

இருந்தது. நூல் மாதிரிக் கால்களோடு, ஒழுங்கில்லாத வலையில் தலைகீழாக. வாயில் முட்டை மூட்டையைக் கவ்வியிருந்தது. மெல்லிய இழையால் கட்டிய உருண்டை, முட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, சாம்பல் கலந்த வெள்ளை. என் மூச்சுக் காற்று பட்டதும் உடம்பு வட்டமாகச் சுழன்று மங்கலாகிவிட்டது; அப்போதும் முட்டையை விடவில்லை. வீட்டு மூலைகளில் ஒட்டடையோடு நாம் துடைத்துத் தள்ளுகிற ஃபோல்சிட் குடும்பம். அது எந்த இனம், யாராவது விவரித்ததா என்பது என் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பிரிட்டிஷ் விலங்கியலாளர் போக்காக் 1900இல் இந்தியச் சிலந்திகளுக்கு ஒரு பெரிய நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய கிரேவ்லி அதற்குப் பிறகு நிறைய வேலை செய்தார். உலகச் சிலந்திப் பட்டியல் 2022 ஏப்ரலில் 50,000 இனங்களைத் தாண்டியது. ஆனால் எங்கள் பொடவுச் சிலந்தி அதில் இருக்கிறதா என்று தெரியாது. பெயர் இல்லாத உயிருக்காக எந்த அலுவலகத்திலும் மனு எழுதிப் போடமுடியாது. பொடவுக்குள் அடுப்பு மூட்டி, சுவரில் பெயிண்டால் பெயர் எழுதி, பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவர்களைத் தடுக்கச் சொல்லிக் கேட்கும்போது, “அங்கே என்ன இருக்கிறது?” என்ற கேள்வி வருகிறது. என்ன இருக்கிறது என்று எழுத்தில் காட்ட எனக்கு ஆசை.

பிடிக்கவோ குப்பியில் போடவோ நம்மைப்போன்றவர்களுக்கு உரிமை இல்லை, வனத்துறை அனுமதி வேண்டும். படம் எடுக்கலாம். எடுப்பவர்கள் முதுகை மட்டும் எடுக்காதீர்கள். முகத்துக்கு நேராக, கண்வரிசை தெரிகிற மாதிரி ஒன்று, அடிவயிறு ஒன்று, வலையோடு ஒன்று. வாசலிலிருந்து எத்தனை அடி உள்ளே, தரை ஈரமா, என்ன மாதம் என்றும் குறித்துவையுங்கள்.

திண்டுக்கல், மதுரை கல்லூரிகளில் விலங்கியல் துறையில் அனுமதியும் நுண்ணோக்கியும் உள்ளவர்கள் இதைப் படித்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை வாருங்கள். வழிகாட்ட அண்ணன் சம்மதித்திருக்கிறார். அவருக்கு உரிய கூலியும், கட்டுரையில் அவர் பெயரும் வரவேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. தங்கவும் சாப்பிடவும் எங்கள் வீடு இருக்கிறது.