சுண்ணாம்பு டப்பாவும் சுண்டுவிரல் ஹெச்.எம்.மும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்றால், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் ஒரே தலையில்தான். முதல் பீரியடில் நியூட்டன், மூன்றாவது பீரியடில் அட்டைப்பூச்சி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆவர்த்தன அட்டவணை. நான் வேலை பார்ப்பது கும்பகோணம் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஓர் ஊரில். கொடிக்காலுக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், வருகிறேன்.

விலங்கியல் நடத்துவதில் ஒரு நிம்மதி உண்டு. முயலின் இதயத்துக்கு நான்கு அறைகள் என்று சொன்னால் சரி என்று எழுதிக்கொள்வார்கள். ஐந்தாவது ஏன் இல்லை என்று எவரும் கேட்டதில்லை. இயற்பியலும் வேதியியலும் அப்படியில்லை. அதில் பதில் மனப்பாடமாக இருக்கும், நம்பிக்கைதான் இருக்காது.

பத்தாம் வகுப்பில் முதல் பாடமே இயக்க விதிகள். 'ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன்?' என்று கேட்டால் போதும், கூரை அதிர "இயக்கத்தில் நிலைமம்!" என்று கோரஸாகப் பதில் வரும். எனக்குச் சந்தேகம். டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பையனை எழுப்பி, "நேத்து சாயங்காலம் பஸ்ல விழுந்தியே, ஏன் விழுந்த?" என்று கேட்டேன்.

"டிரைவர் அண்ணன் சரியில்ல டீச்சர்."

ஆக, புத்தகத்தில் வரும் பயணிகள் நிலைமத்தால் விழுகிறார்கள், எங்கள் ஊர்ப் பயணிகள் டிரைவரால் விழுகிறார்கள். அவனை நிற்க வைத்தே விளக்கினேன். பஸ்தான் நின்றது, உன் உடம்பு நிற்கவில்லை, அது பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது, கால் மட்டும் பஸ் தரையோடு நின்றுவிடுகிறது, அதனால் தலை முந்துகிறது, அவ்வளவுதான். பையனுக்கு முகம் மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்பது அடுத்த வாரம் புரிந்தது. நானும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்: "டீச்சர், உங்க பய என் மேல வந்து விழுந்துட்டு, 'நிலைமம் அண்ணே, நான் ஒண்ணும் பண்ண முடியாது'ங்கறான். நிலைமமோ கிலைமமோ, கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க." அறிவியல் அறிவு சட்டப் பாதுகாப்பாகப் பயன்படும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நிறை, எடை பாடம் இன்னும் மோசம். இரண்டும் ஒன்றல்ல, நிறை எங்கே போனாலும் மாறாது, எடை ஈர்ப்பு முடுக்கத்தைப் பொறுத்தது, நிலாவில் அது பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை தூக்கியாயிற்று.

"டீச்சர், நிலாவுல ரேஷன் கடை வச்சா இருபது கிலோ அரிசி எவ்ளோ இருக்கும்?"

எப்படி நிறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். ரெண்டு தட்டுத் தராசு என்றால் அரிசிக்கும் படிக்கல்லுக்கும் ஈர்ப்பு ஒரே அளவில் குறையும், அதனால் இங்கே வாங்கும் அதே அரிசிதான். ஆனால் மின்னணுத் தராசு அழுத்தும் விசையைத்தான் அளக்கிறது. பூமிக்கென்று சரிசெய்த தராசை அப்படியே நிலாவுக்குக் கொண்டு போனால், இருபது கிலோ அரிசி வைத்தால் மூன்றே கால் கிலோ சொச்சம்தான் காட்டும்.

"அய்யய்யோ!" என்றது வகுப்பு. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர், அப்ப தராசுல இருபதுன்னு காட்டணும்னா நூத்தி இருபது கிலோ கொட்டணும். நமக்குத்தான லாபம்?"

எனக்கே சட்டென்று தோன்றாத கோணம் அது. வகுப்பில் கைதட்டல். கடையை உடனே நிலாவுக்கு மாற்றச் சொல்லி மனு எழுதலாம் என்று தீர்மானம் நிறைவேறும் நிலை. சூடு ஆறுவதற்குள், "சரி, வியாழன் கோள்ல வச்சா?" என்று கேட்டேன். அங்கே ஈர்ப்பு முடுக்கம் நம்மைப் போல சுமார் இரண்டரை மடங்கு. எல்லோரும் வகுத்துப் பார்த்தார்கள். தராசு இருபது காட்டும்போது எட்டு கிலோதான் பையில் விழும்.

கடைசி பெஞ்சிலிருந்து நிதானமாக ஒரு குரல்: "அப்ப எங்க தெரு கடை வியாழன்லதான் இருக்கு டீச்சர்."

அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

வேதியியலில் மோல். டஜன் என்றால் பன்னிரண்டு என்பது போல, மூலக்கூறுகளை மொத்தமாக எண்ண ஓர் அளவு. இதை நடத்தும் வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிடும். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று பலகையில் எழுதியதும் வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்பார்: "யாரு டீச்சர் எண்ணுனது?" நியாயமான கேள்வி. இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர், ஆனால் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ எண்ணவில்லை. அவர் 1856-லேயே இறந்துபோனார், இந்த எண் அவருக்குத் தெரியாது. 1865-ல் லோஷ்மிட் என்ற ஆஸ்திரியர் மூலக்கூறின் பருமனை முதன்முதலாக ஓரளவு மதிப்பிட்டார். அப்புறம் பிரான்சில் ழான் பெரென், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து இந்த எண்ணைக் கணக்கிட்டார். 1926-ல் அவருக்கு நோபல் பரிசு. அவகாட்ரோ பெயரை இதற்கு வைக்கலாம் என்று சொன்னதும் அவர்தான்.

"கஷ்டப்பட்டது ஒருத்தரு, பேரு இன்னொருத்தருக்கா?"

"விடுறா, நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுக் கல்வெட்டு தெரியாதா?"

நான் கேட்காதது போல நடந்து, 18 கிராம் தண்ணீர் என்றால் ஒரு மோல், ஒரு மடக்கு அளவுதான், அந்த ஒரு மடக்கில் உள்ள மூலக்கூறுகளை நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் பிரபஞ்சத்தின் வயதைப் போல பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஆகும் என்றேன். பிரமித்துப் போவார்கள் என்று பார்த்தால், மறுநாள் முதல் புதுவித அனுமதி கேட்பு தொடங்கியது. "டீச்சர், ரெண்டு மோல் தண்ணி குடிச்சிட்டு வரவா?" போனவன் பீரியட் முடிகிற நேரத்துக்குத்தான் வந்தான். ரெண்டு மோல் முப்பத்தாறு மில்லிதானேடா, அதுக்கு இவ்வளவு நேரமா என்றால், "எண்ணிக் குடிச்சேன் டீச்சர்" என்கிறான். அவனை என்ன செய்வது? சமன்பாடு ஒன்றைச் சமன் செய்யச் சொல்லி உட்கார வைத்தேன்.

இனி ஹெச்.எம். கதை. எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடமே மூச்சை அடக்கும். குவிலென்சின் குவியத் தொலைவைத் தொலைபொருள் முறையில் காணும் செய்முறை அன்று. எங்கள் லேப் கொஞ்சம் இருட்டு. மின்வாரியத்தின் உபயத்தில் அன்று இன்னும் இருட்டு. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் வெயில் கொளுத்துகிறது. இதைவிட நல்ல சூழ்நிலை கிடைக்காது. லென்சைத் தாங்கியில் வைத்து, பின்னால் வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னேன். திடீரென்று அட்டையில் மைதானம் விழுந்தது. வேப்பமரம், கொடிக்கம்பம், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் வண்ணத்தோடு, தெளிவாக, தலைகீழாக. இப்படித் திரையில் விழும் பிம்பத்துக்குத்தான் மெய் பிம்பம் என்று பெயர்.

பொதுவாக இந்தச் செய்முறையில் பிள்ளைகளுக்கு ஆர்வமே இருக்காது. போன வருஷத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவை எழுதிவிடுவார்கள். எல்லா அளவும் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் வரும், இயற்கையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் அன்றைக்கு வேப்பிலை அட்டையில் அசைவதைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து மைதானத்தின் அந்தக் கோடியில் ஹெச்.எம். நடந்து வந்தார்.

அட்டையில், சுண்டுவிரல் நகம் அளவில், வெள்ளைச் சட்டையோடு, தலைகீழாக, வானத்தில் கால் பதித்து ஹெச்.எம். நடந்துகொண்டிருந்தார். ஒரு வினாடி அமைதி. அப்புறம் லேப் வெடித்தது. பையன்கள் தரையில் விழுந்து புரண்டார்கள். சிரிக்கக் கூடாது என்று அதட்ட வாயைத் திறந்தேன், முடியவில்லை, அட்டையைப் பார்த்துவிட்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு, சுண்டுவிரல் ஹெச்.எம். திசை மாறி எங்களை நோக்கி வரத் தொடங்கினார். வர வர பிம்பம் பெரிதாகிறது, கூடவே கலங்குகிறது. "டீச்சர், பொருள் பக்கத்துல வந்தா பிம்பம் பின்னால தள்ளிப் போகுது!" என்று ஒரு மாணவி அட்டையை விடாமல் நகர்த்திக்கொண்டே வந்தாள். பயத்திலும் பொருள் தொலைவு (u), பிம்பத் தொலைவு (v) தொடர்பை விடாத அந்தப் பெண்ணுக்குச் செய்முறையில் முழு மதிப்பெண் போட்டேன்.

வாசலில் நிஜ அளவில், நேரான ஹெச்.எம். "என்ன சத்தம்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கடைசி பெஞ்சு குரல்தான் கைகொடுத்தது: "சார், நீங்க மெய் பிம்பமா வந்தீங்க சார்."

காட்டித்தான் ஆக வேண்டும். வாட்ச்மேன் அண்ணனை மைதானத்தில் குறுக்கே நடக்கச் சொல்லி, ஹெச்.எம்.முக்குக் காட்டினோம். குனிந்து பார்த்தார். முகம் கடுகடுவென்று இருந்தது, மீசைக்குக் கீழே மட்டும் ஏதோ துடித்தது. நம் கண்ணின் விழித்திரையிலும் இப்படித் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் நிமிர்த்திக்கொள்கிறது என்று நான் சூழ்நிலையைக் கௌரவப்படுத்தப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. "அவர இன்னொரு தடவ நடக்கச் சொல்லுங்க" என்றார்.

இப்போது கொடிக்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அமிலம், காரம், உப்பு. லிட்மஸ் தாள் தீர்ந்துபோயிருந்தது. மஞ்சள்தூளைக் கரைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்து வாருங்கள் என்றேன். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். வீட்டிலிருந்து சோதிக்க ஏதாவது கொண்டு வரச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சோப்பு, அடுப்புச் சாம்பல், மோர், புளி, பக்கத்து வீட்டு ஷாம்பு என்று ஒரு மளிகைக் கடையே வந்தது. ஒருவன் சத்துணவுச் சாம்பாரில் முக்கிவிட்டு, 'காகிதம் சாம்பார் நிறமாக மாறியது' என்று நோட்டில் எழுதியிருந்தான். உண்மையைத்தான் எழுதியிருக்கிறான், அடித்துத் திருத்த மனம் வரவில்லை. இன்னொருத்தி கேட்டாள்: "புளியிலயும் மஞ்சளாவே இருக்கு, தண்ணியிலயும் மஞ்சளாவே இருக்கு. அப்ப தண்ணி அமிலமா?" நல்ல கேள்வி. மஞ்சளுக்குக் காரத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும், அமிலமும் நடுநிலையும் அதற்கு ஒன்றுதான். செம்பருத்திச் சாறு அப்படியில்லை, அமிலத்தில் அடர்ரோஸ், காரத்தில் பச்சை.

இதற்கு நடுவில் வாசலில் ஒரு பாட்டியம்மா. கையில் காலி சுண்ணாம்பு டப்பா.

"ஏம்மா டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லிக் குடுக்குற? எம் பேரன் இருந்த சுண்ணாம்பையெல்லாம் வழிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டான். காலையிலேருந்து வெத்தலய வெறுமன மென்னுக்கிட்டு இருக்கேன்."

பேரன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். நான் சமாதானமாக, "இல்லம்மா, சுண்ணாம்பு காரம், மஞ்சள செவப்பாக்கும்னு சோதனை பண்ணுறோம்" என்றேன்.

பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இதையா சோதன பண்ணுறீங்க? எத்தன கல்யாணத்துக்கு ஆலம் கரைச்ச கை இது? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும்னு தெரியாமயா இந்த ஊருல பொம்பளைங்க இருக்கோம்?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் உட்காரவில்லை. மேசையில் இருந்த முகவையை வாங்கி, மஞ்சளைக் கரைத்து, துளி சுண்ணாம்பைச் சுண்டுவிரலால் வழித்துப் போட்டார். என் செய்முறையில் வெளிறிய செங்கல் நிறம்தான் வந்தது, அவருடையது ரத்தச் சிவப்பு. வகுப்பு எழுந்து நின்று பார்த்தது. "இத மறுபடி மஞ்சளாக்க முடியுமா அப்பாயி?" என்று பெஞ்சுக்கு அடியிலிருந்தே பேரன் கேட்டான்.

"எலுமிச்சம்பழத்தப் புழி, தானா மாறும். ஆனா கல்யாண வீட்டு ஆலத்தட்டுல எவளாச்சும் அப்படிப் புழிஞ்சா, அவள நான் சும்மா விடமாட்டேன்."

புழிந்தோம். மாறியது. நடுநிலையாக்கல் வினை என்று நான் பலகையில் எழுதினேன். ஒரு பயலும் பலகையைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பாட்டி டப்பாவை நீட்டினார். லேபில் கால்சியம் ஹைட்ராக்சைடு பாட்டில் இருக்கிறது, அது வாயில் போடுவதற்கில்லை, கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு ஹெச்.எம். வந்துவிட்டார். அறிவியல் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம், கடையில் பில் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள் என்றார்.

"வெத்தலக்கடையில ஏது தம்பி பில்லு?" என்றார் பாட்டி.

பர்ஸிலிருந்து இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். சுண்ணாம்பு அவ்வளவு விலை இல்லை, மிச்சத்துக்குப் பாக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு, பேரனைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வரச் சொல்லி ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.