முத்துசாமி வீட்ல இருக்காரா?

காலைல அம்மாவோட வீடியோ கால்ல இருக்கேன். வாசல்ல ஒரு கர்ஜனை. "மிஸ்டர் முத்துசாமி!"

வேற யாரு, நம்ம பக்கத்து வீட்டுத் தாத்தா மிஸ்டர் வாக்கர்தான். நேத்து வந்த மிக்ஸி ஜாரை வாங்கி வச்சிருந்திருக்கார். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரை எழுதின பாவத்துக்கு இந்த இங்கிலாந்து ஊர்ல நான் முத்துசாமி. வீட்டம்மாவுக்கு அவங்கப்பா பேர், மகளுக்கு என் பேர். ஒரே கதவு, மூணு சர்நேம். போஸ்ட்மேன் எங்களை வாடகையைப் பிரிச்சுக் குடியிருக்கிற ஆளுங்கன்னே முடிவு பண்ணிட்டார்.

வேல்ஸ்காரங்களும் ஒரு காலத்துல நம்மள மாதிரிதான், அப்பா பேரோட திரிஞ்சவங்க. 'ஆப் ரிச்சர்ட்'னா ரிச்சர்ட் மகன். ஆங்கிலேயர் கணக்குல ஏறி ஏறி அது ப்ரிட்சர்ட்னு உறைஞ்சு போச்சு, நான் முத்துசாமியா உறைஞ்ச மாதிரி.

ஆனா பேர்ப் பேச்சை தாத்தாகிட்ட மட்டும் எடுக்கக் கூடாது. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு, வாக்கர் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடந்த அன்னிக்கு, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "பேருக்கேத்த நடை"ன்னு சொல்லித் தொலைச்சேன். தூறல்ல அரை மணி நேரம் நிக்க வச்சுட்டார்.

அது ரோட்ல நடக்கிற நடை இல்லையாம். நெய்த கம்பளியில பிசுக்கு போய், இழை நெருங்கிக் கெட்டியாக, தொட்டியில போட்டு மணிக்கணக்கா மிதிக்கிற நடை. தொட்டியில என்ன தண்ணி? வீடு வீடா வாங்கிட்டு வந்து புளிக்க வச்ச மூத்திரம். வடக்கே இருக்கிற யார்க்‌ஷயரோட 1379 தலைவரிப் பட்டியல்லயே வாக்கர்கள் இருக்காங்களாம். "என் முட்டி அப்பவே தேய ஆரம்பிச்சிருச்சு"ன்னு கட்டுப் போட்ட காலைத் தட்டிக் காட்டினார்.

அதோட விட்டாரா? அதே மிதிக்கிற ஆளுக்கு வடக்கே வாக்கர், தென்மேற்கே டக்கர், தென்கிழக்கே ஃபுல்லர். பாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி டக்கர், தென்மேற்கு டெவன்காரி. ஆக, மனுஷன் ஊர் விட்டு ஊர் போய், காதலிச்சு, கடைசியில ஜாதி மாறாம கட்டியிருக்கார்! எங்க மாமாக்கள் கேட்டா ஆனந்தக் கண்ணீரே விடுவாங்க.

சரி, வாசலுக்கு வர்றேன். ரெண்டாவது தடவை "முத்துசாமி!"ன்னதும் போன்ல அம்மா முகம் மாறிடுச்சு. அப்பா பேரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில பேர் கேட்டாக்கூட "சொல்லுடா"ன்னு என் முதுகுல இடிப்பாங்க. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இருந்தவரைக்கும் சென்னைக்கு வடக்கே போகாத மனுஷன்.

"யாருடா அது?"

"பக்கத்து வீட்டுத் தாத்தாம்மா. பார்சல் கொண்டு வந்திருக்கார்."

முந்தானையை இழுத்துத் தோள்ல சரியாப் போட்டுக்கிட்டாங்க.

"பெரியவரை நிக்க வைக்காத. இதோ வர்றாருன்னு சொல்லு."