வேணுமா, வேணாமா

ஜூன் 10, 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் திண்ணையில் ஒன்பது பிள்ளைகள். எதிர்ச்சொல் ஆரம்பித்தேன். அப்பா ஒன்றரை இட்லி சாப்பிட்டார்.

ஜூன் 12

மேட்டூர் இன்று திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை என்பது முன்பே தெரிந்ததுதான். இருந்தாலும் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 என்றால் மனசு கேட்பதில்லை. அப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய தாளைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூன் 14

நீதி × அநீதி. நியாயம் × அநியாயம். சுத்தம் × அசுத்தம். ஞானம் × அஞ்ஞானம். நடுவில் எதற்கு டீச்சர் பெருக்கல் குறி என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் சின்ன வயதில் அந்தச் சந்தேகம் இருந்தது.

சொல் மெய்யில் தொடங்கினால் முன்னால் அ, உயிரில் தொடங்கினால் அந். ஆதி × அநாதி. சொல்லி வாயை மூடவில்லை, மூன்றாம் வகுப்புப் பையன் அநீதியை அந் + ஈதி என்று பிரித்துவிட்டு, ஈதி என்றால் என்ன என்கிறான். தப்புதான். ஆனால் விதியைப் பிடித்துக்கொண்டு செய்த தப்பு. அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

அப்புறம் அவர்களே உண்டாக்கட்டும் என்று விட்டேன். கீழத்தெருப் பெண் பலகையில் எழுதியது: தண்ணீர் × அதண்ணீர். யாரும் சிரிக்கவில்லை. எதிரே முள்ளியாறு மணலாகக் கிடக்கிறது, எல்லாருக்கும் அது புரிகிற சொல்லாகவே இருந்தது. அழிக்க மனசில்லை. இந்த அ வடசொல்லோடுதான் ஒட்டும், தண்ணீர், வீடு, மாடு எதிலும் ஒட்டாது என்று நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 18

அப்பாவுக்குச் சொல்லின் முன்பாதி வருகிறது. வால் வருவதில்லை. "வே" என்கிறார், அதோடு நின்றுவிடுகிறது. வேணுமா, வேணாமா? "முடி" என்கிறார். முடியுமா, முடியாதா? "தெரி." "பிடி." தமிழில் இல்லை என்பது எல்லாமே வாலில்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷம் பாடம் எடுத்தவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. இருக்கு என்பதும் இ, இல்லை என்பதும் இ. தலையாட்டச் சொன்னால் அதுவும் மாறிப்போகிறது. மத்தியானம் ரசம் சாதத்தை "வே" என்றார். வேண்டும் என்று எடுத்துக்கொண்டு ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண்ணில் தண்ணீர். தட்டை எடுத்துவிட்டேன். அதற்கும் அதே "வே". நாற்பது மா நிலத்தை வைத்துக்கொண்டு ஊரையே அதட்டிய குரல். பசியோடு படுத்தாரா, பசியில்லாமல் படுத்தாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது மணி ஒன்றரை.

ஜூன் 19

பிசியோதெரபி பையன் வரவில்லை.

ஜூன் 24

இன்று ஆங்கிலம். பாசிபிளுக்கு எதிர் கேட்டால் அன்பாசிபிள், இன்பாசிபிள் என்று ஆளுக்கொன்று. இம்பாசிபிள்தான் சரி. ஏன் இம் என்று சொல்லாமல் மனப்பாடம் பண்ணச் சொல்ல எனக்குப் பிடிக்காது. உதட்டில் விரலை வைத்து இன்பாசிபிள் என்று வேகமாகச் சொல்லுங்கள் என்றேன். ப சொல்ல உதடு மூடியாக வேண்டும், ன் அவசரத்தில் ம் ஆகிவிடுகிறது. ஒன்பது பேரும் உதட்டில் விரலோடு கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வாசல் செம்பருத்தியைக் காட்டினேன். செம்பருத்தி, செந்தாமரை, செங்கல். செம்மை ஒன்றுதான். பின்னால் ப வந்தால் ம், த வந்தால் ந், க வந்தால் ங். நம் வாய் செய்கிற வேலையைத்தான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயும் செய்கிறது. லீகல் என்றால் இல்லீகல், ரெகுலர் என்றால் இர்ரெகுலர். ஐந்தாம் வகுப்புப் பெண் உடனே கேட்டாள், அப்படியென்றால் அன்லக்கி ஏன் அல்லக்கி ஆகவில்லை? நல்ல கேள்வி. இன் லத்தீன் வழியாக வந்தது, அடுத்த எழுத்துக்கு வளைந்துகொடுக்கும். அன் ஆங்கிலத்தின் சொந்த ஒட்டு, அன்பாப்புலர், அன்ரியல், எங்கே போனாலும் அன்தான். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உள்ளேயிருந்து அப்பாவும் "இம்" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது. இருமலாகவும் இருக்கலாம்.

ஜூன் 27

தஞ்சாவூர் போய் வந்தோம். "இம்ப்ரூவ்மென்ட் இருக்கு" என்றார் டாக்டர். பஸ் வடுவூர் தாண்டும்வரை அந்த "இம்" என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இது இல்லை என்று சொல்கிற இம் கிடையாது. இம்பார்ட்டன்ட்டில் இருப்பதும் கிடையாது. முன்னால் நிற்கிறது என்பதாலேயே எதிர்ச்சொல் ஆகிவிடாது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 3

மெயின் ரோட்டில் போன டேங்கர் லாரியைப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பையன் ஓடிவந்தான். இன்ஃப்ளேமபிள் என்று போட்டிருக்கிறதாம், அப்படியென்றால் தீப்பிடிக்காதுதானே டீச்சர்? பதறிவிட்டேன். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் தீப்பிடிக்கும் என்றுதான் அர்த்தம், தீப்பிடிக்காததற்கு நான்ஃப்ளேமபிள் என்று நாலு தடவை எழுத வைத்தேன். இந்த ஒரு பாடத்தில் மட்டும் மார்க் குறைந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

ஜூலை 9

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். அப்பாவிடம் ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். "வரு" என்றார். அண்ணன் அழுதுவிட்டான். வருவியா என்று கேட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான். தண்ணீர் வருமா என்று கேட்டார் என்று நான் நினைத்தேன்.

ஜூலை 10

குறுவை போனது போனதுதான். போர் செட் இருக்கிறவர்கள் நட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் ஆழம் போனால் உப்பு.

ஜூலை 16

தமிழின் சொந்த முறையை இன்று எடுத்தேன். குறளில் 40ஆவது அதிகாரம் கல்வி, 41 கல்லாமை. கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. எல்லாவற்றிலும் ஆமை இருக்கிறது டீச்சர் என்று ஒரே கூச்சல். ஆமாம், இருக்கிறது, கடைசியாகத்தான் வந்து சேரும் என்றேன். சொன்ன பிறகு தொண்டை அடைத்துவிட்டது.

கீழத்தெருப் பெண் கிளம்பாமல் நின்றாள். தாத்தா வேணாம்னா முன்னாடி அ போட்டுச் சொல்லட்டுமே டீச்சர், அவேணும்னு.

தமிழில் அப்படி ஒட்டாதும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 21

ஐந்து நாளாக முயற்சி. வேண்டாம் என்றால் முதலில் அ சொல்லுங்கப்பா. காபியைத் தட்டிவிட்டார். என்னைக் குழந்தையாக்கிவிட்டாயா என்கிற பார்வை. நானும் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் திறந்துவிட்டார்கள்! டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார், யாரும் பிடிக்காமல்.

ஜூலை 30

120 அடி. அணை நிறைந்துவிட்டதாம். கல்லணை வந்து, வெண்ணாறு வந்து, அப்புறம்தான் நாங்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆற்றில் இன்னும் மணல்தான். அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். காதோலை கருகமணியை எதில் விடுவது என்று அம்மா தாம்பாளத்தோடு நின்றுகொண்டேயிருந்தாள்.

சித்ரான்னத்தில் தேங்காய்ச் சாதத்தை நீட்டினேன். "அ" என்றார். கையைக் கீழே வைத்தேன். புளிச்சாதத்தை நீட்டினேன். வாயைத் திறந்தார்.

இரண்டு பிடி.

ஆகஸ்ட் 4

காலையில் பாலுக்கு "அ" என்றார், ஆனால் குடித்தார். நேற்றுத் தற்செயலாக இருந்திருக்குமோ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைக்கு டிஸ் எடுக்க வேண்டும். டிஸ்லைக், டிஸ்ஒபே. டிஸ்அப்பியரில் எஸ் ஒன்று, பி இரண்டு, பாதிப் பேர் மாற்றித்தான் எழுதுவார்கள். ஒட்டைத் தனியாக எழுதி, பக்கத்தில் சொல்லை முழுதாக வைக்கச் சொன்னால் புரிந்துவிடும். கலர் சாக்பீஸ் வாங்க வேண்டும். அப்பா கூப்பிடுகிறார்