எலி மருந்தும் என் புது வேலையும்

பிப்ரவரி 9, 2025
தைப்பூசத்துக்கு இரண்டே நாள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பேன் என்று அப்பா அடம் பிடிக்கிறார். வெள்ளிக்கிழமை பார்த்ததில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 4.2. இதயத்துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த நிலையில் காலில் ஏதாவது குத்திவிட்டால் ரத்தம் லேசில் நிற்காது. மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறார். துருவி விசாரித்தால், “பச்சை எதுவும் ஆகாதாமே” என்று பெரியம்மா சொன்னதிலிருந்து அம்மா கீரையை வாசல்படி ஏறவே விடுவதில்லையாம்.

பிப்ரவரி 21
பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. முதலில் போன தனியார் கிளினிக் தந்த தாளிலேயே ‘பச்சைக் காய்கறிகளைத் தவிர்க்கவும்’ என்று ஒரே வரி. யாருக்கு, எவ்வளவு, ஏன்? ஒன்றும் கிடையாது. அரசு மருத்துவமனையின் வார்ஃபரின் கிளினிக்கில் பார்மசிஸ்ட் அக்கா பொறுமையாக விளக்கினார். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், கீரையில் அது நிறைய. வார்ஃபரின் அதைத்தான் தடுக்கிறது. கீரையை அடியோடு நிறுத்தினால் மருந்தின் கை ஓங்கிவிடும். இன்று போடும் மாத்திரை ஐ.என்.ஆர். எண்ணில் முழுதாகத் தெரியவும் இரண்டு மூன்று நாளாகும்.

இரவே அம்மாவுக்காக ஒரு பக்கம் எழுதி, ஐஸ்பெட்டியில் ஒட்டினேன்:

‘முருங்கைக்கீரை, பசலைக்கீரை: வாரம் இரண்டு நாள், அதே கிண்ணம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.
மாத்திரை மறந்தால்: அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.
லேகியம், சூரணம், யார் கொடுத்த மூலிகையும்: பார்மசிஸ்டைக் கேட்காமல் வேண்டாம்.
மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ: உடனே மருத்துவமனை.’

மார்ச் 20
ஐ.என்.ஆர். 2.6! அம்மா முகத்தில் பரீட்சையில் தேறிய களை. தாளைப் போனில் காட்டினேன். பார்மசிஸ்ட் அக்கா படித்துவிட்டு, “தலைவலி மாத்திரையையும் சேர்த்துடுங்க, நிறைய பேர் கடையில அவங்களே வாங்கிடுறாங்க” என்றார். அப்புறம், “இதையே சம்பளத்துக்குச் செய்யிறவங்க இருக்காங்க, தெரியுமா?” என்றார். தெரியாது. உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தர அறிக்கைகளோடு மல்லுக்கட்டும் எனக்கு ‘மருத்துவ எழுத்தாளர்’ என்று ஒரு வேலை இருப்பதையே யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 6
வேலையைத் தேடப் போய் வார்ஃபரினின் பூர்வீகத்தில் மாட்டிக்கொண்டேன். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு. அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ? “என்னை என்ன பெருச்சாளின்னு நினைச்சீங்களா?” என்று காலையில் பசியாறும்போது ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

ஜூன் 14
இந்தத் தொழிலில் பல அறைகள். மருந்துக் கட்டுப்பாட்டாளருக்குப் போகும் ஆய்வறிக்கை ஒன்று. அதன் அமைப்பை ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பு 1995-இல் வெளியிட்ட ஈ3 வழிகாட்டி சொல்கிறது. ஆய்விதழ்க் கட்டுரை இன்னொன்று. அங்கே எழுதிக் கொடுத்தவர் பெயரும் காசு கொடுத்தவர் யார் என்பதும் நன்றியுரையில் வர வேண்டும். எனக்குப் பிடித்தது பொதுமக்களுக்கான சுருக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 31 முதல் அமலில் உள்ள விதிப்படி, பொதுவாக ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் அதை வெளியிட வேண்டும்.

ஆகஸ்ட் 2
கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் எழுத்துத் தேர்வு. கற்பனை ஆய்வு ஒன்று: ‘பக்கவாதம் பாதியாகக் குறைந்தது’ என்று தலைப்பிலேயே தம்பட்டம். அட்டவணையைப் பார்த்தால் 100 பேரில் 2 பேருக்கு வந்தது 1 பேருக்கு என்று இறங்கியிருக்கிறது. பாதி என்பது பொய்யில்லை. ஆனால் அம்மா அதைப் படித்தால் ஐம்பது பேர் பிழைத்ததாகத்தான் நினைப்பார். ‘100 பேரில் 2, இப்போது 1’ என்று முதல் வரியிலேயே போட்டேன். ரத்தக்கசிவு எத்தனை பேருக்கு என்பதையும் அடுத்த வரியிலேயே வைத்தேன். கொடுத்த தாளில் அது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பதுங்கியிருந்தது.

அக்டோபர் 25
வேலைக்குச் சேர்ந்தாயிற்று, வீட்டிலிருந்தே. ஓவர்டைம் போனதில் கைக்கு வருவது முன்னைவிடக் குறைவு. அப்பா தீபாவளி முறுக்கைக் கடித்துக்கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். சரிதான். ஆனால் ஷிப்ட் இல்லை. இன்று புள்ளியியல்காரர் அட்டவணையில் இரண்டு எண்களை மாற்றி அனுப்பியிருக்கிறார். அவை அறிக்கையில் எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்று தேடித் திருத்தி, திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டும்.