சாய்ராங்குக்கு ரயில் வந்த வழி

2025 செப்டம்பர் 13 அன்று மிசோரத்தில் பைரபி – சாய்ராங் ரயில் பாதை திறக்கப்பட்டது. தலைநகர் அய்ஸாலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் சாய்ராங். அந்தப் பாதை வேலையில் கான்கிரீட் தரக்கட்டுப்பாட்டில் சில வருடங்கள் இருந்தவன் நான். டி.வி.யில் கொடியசைப்பதைப் பார்த்தபோது சந்தோஷம்தான். ஆனால் எங்களைப் பொறுத்தவரை அந்த ரயில் பல வருடமாக லாரியில் வந்துகொண்டிருந்தது.

காரணம் கல். நம்மூரில் சைட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குவாரி இருக்கும்; முக்கால் ஜல்லி கேட்டால் மறுநாள் வந்து இறங்கிவிடும். மிசோரம் மலைகள் பெரும்பாலும் களிப்பாறையும் மணற்பாறையும். சுரங்கத்தில் வெட்டியெடுத்த களிப்பாறைத் துண்டு கையில் கருஞ்சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் கரைந்து அடியில் சேறாகத் தங்கியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வாளியைத்தான். அதைப் பார்த்தபின், மழை பெய்தால் மலைச்சரிவை ஏன் நம்பக்கூடாது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

இப்படிப்பட்ட மலையில்தான் 51 கிலோமீட்டருக்குள் 40-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். குதுப் மினாரைவிட உயரமான பாலமும் உண்டு. நல்ல ஜல்லியும் மணலும் அஸ்ஸாமிலிருந்தும், வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்தும் வந்தாக வேண்டும். வருடத்தில் பாதிக்கு மேல் மழை. ஒழுங்காக வேலை நடப்பது நாலைந்து மாதம். 2021 ஜூலையில் அஸ்ஸாம் – மிசோரம் எல்லையில் மோதல் மூண்டு லாரிகள் நின்றன. ஒரே ஒரு சாலையை நம்பி ஒரு மாநிலமே இருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஜல்லி வரவில்லை. ஊராருக்கு அரிசியும் கேஸும் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மிசோரத்தில் கடை திறக்காது. உள்ளூர் ஆட்கள் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது என்பதால், சனிக்கிழமை மாலைக்குள் முடிகிற மாதிரியே திட்டம் போடுவோம். அந்த மரியாதையை நாங்கள் கொடுத்ததால்தான் ஊரோடு உறவு நன்றாக இருந்தது என்று நம்புகிறேன்.

எங்களிடம் வேலை பார்த்த மிசோ பெரியவர் ஒருவரை எல்லோரும் மரியாதையாக 'கா பு' என்று அழைப்போம். சாய்ராங் எப்போதுமே வாசல்தான் என்பார். அவருடைய தாத்தா காலத்தில் உப்பும் துணியும் சில்சாரிலிருந்து த்லாங் ஆற்றில் படகேறி அங்கே வந்து இறங்குமாம். மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்த லொரெய்ன், சாவிட்ஜ் என்ற மிஷனரிகளும் 1894 ஜனவரி 11 அன்று அதே ஆற்று வழியாகச் சாய்ராங்கில்தான் கரையேறினார்கள். ரயில் வந்து அந்தப் பழைய துறையை மறுபடி திறந்திருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சாய்ராங் அருகே இதே பாதையில் கட்டுமானத்திலிருந்த பாலத்தில் கேன்ட்ரி (பாலத் தூலங்களைத் தூக்கிவைக்கும் இரும்புச் சட்டம்) சரிந்து 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்தின் மால்டா மாவட்டத்துக்காரர்கள். மிசோரத்துக்குள் நுழையப் பர்மிட் வாங்கிக்கொண்டு வந்து, தகரக் கொட்டகையில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். சாய்ராங் ஸ்டேஷனில், பயணிகள் கண்ணில் படுகிற இடத்தில், அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். இதை நான் கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் முதல் சரக்கு ரயில் வந்தது: அஸ்ஸாமிலிருந்து 21 வேகன் சிமெண்ட். வேகனுக்குச் சுமார் 60 டன் என்று வைத்தாலும் 1,200 டன்னுக்கு மேல். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் அவ்வளவு சிமெண்ட்டை நனையாமல் லாரியில் கொண்டுவர நாங்கள் என்ன பாடு பட்டிருப்போம் என்று 'கா பு'வுக்குப் போன் போட்டுப் பேசினேன். அவர் தன் வீட்டு மாடிக்கு இனி சிமெண்ட் மூட்டை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.