உடனே சொல்லும் 'இல்லை'

எனக்குப் பிடித்த நூலகங்கள் எவை என்று கேட்டால், "நீங்கள் கேட்ட இதழ் எங்களிடம் இல்லை" என்று அன்றைக்கே பதில் போடும் நூலகங்களைத்தான் சொல்வேன். வட இத்தாலியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவண வழங்கல் மேசையில் வேலை பார்க்கிறேன். எங்கள் அடுக்கில் இல்லாததை வேறு ஊர் நூலகத்திலிருந்து வாசகருக்கு வரவழைத்துக் கொடுப்பதும், பிறர் கேட்பதை அனுப்பிவைப்பதும் என் பொறுப்பு.

புத்தகமே வேண்டுமென்றால் பெரும்பாலும் எஸ்.பி.என். என்ற தேசிய நூலக வலையமைப்பின் வழியாகக் கேட்போம். ரோமில் இருக்கும் கூட்டுப் பட்டியல் நிறுவனம் அதை நிர்வகிக்கிறது. ஒரு கட்டுரையோ அத்தியாயமோ போதும் என்றால் நில்டே. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பொலோஞா நூலகம் 2001இல் உருவாக்கிய அமைப்பு அது. எந்த இதழ் எந்த ஊரில், எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதை இதழ்களின் கூட்டுப் பட்டியலான ஏ.சி.என்.பி.யில் பார்த்துவிட்டு, நில்டேயில் கோரிக்கையை அனுப்புவோம். பொதுவாகக் காசு கைமாறுவதில்லை. இன்று நீ கொடு, நாளை நான் கொடுக்கிறேன் என்ற கணக்குதான். மொய் எழுதும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் மறுப்பு ஒரு குற்றம் இல்லை. மௌனம்தான் தொல்லை. மறுப்பு வந்த அடுத்த நிமிடம் பட்டியலில் உள்ள அடுத்த நூலகத்தைக் கேட்டுவிடலாம். பதிலே வராவிட்டால் கோரிக்கை அங்கேயே கிடக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாள் நெருங்கிய மாணவர் தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

கோரிக்கையைச் சரியாக எழுதுவதே பாதி வேலை. பீசா நகரத்து ஸ்குவோலா நொர்மாலே என்ற உயர்கல்வி நிறுவனம் வெளியிடும் 'அன்னாலி' இதழின் இலக்கிய, தத்துவப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதிய வரிசை தொடங்கும்போதும் தொகுதி எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டாம் வரிசை 1932இல், மூன்றாவது 1971இல், நான்காவது 1996இல், ஐந்தாவது 2009இல் தொடங்கின. ஒரு மாணவி "அன்னாலி, தொகுதி 3" என்று ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் மட்டும் எழுதிய சீட்டோடு வந்தார். ஆண்டு இல்லை, வரிசையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுதிகளை விட்டுவிட்டாலும் 1934, 1973, 1998, 2011 என்று நான்கு மூன்றாம் தொகுதிகள் இருக்கின்றன. அப்படியே அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவர் நான்கையும் இறக்கிப் புரட்ட வேண்டும், அல்லது ஓரமாக ஒதுக்கிவைத்துவிடுவார். எந்த நூலின் அடிக்குறிப்பில் இதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அந்த நூல் எண்பதுகளில் வந்தது. ஆக, பிந்தைய இரண்டும் போயின. கட்டுரையாசிரியர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுதத் தொடங்கியவர் என்று மாணவியே சொன்னார். மிஞ்சியது 1973. "மூன்றாம் வரிசை, தொகுதி 3, 1973" என்று எழுதி அனுப்பினோம். மறுநாளே கட்டுரை வந்துவிட்டது.

வந்ததை வாசகர் கையில் கொடுப்பதில் இன்னொரு கூத்து இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 633ஆம் எண் சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. திருத்தங்கள் பல கண்ட அதன் 68ஆம் பிரிவு, ஒரு நூலிலோ இதழிலோ 15 சதவீதம் வரை ஒளிநகல் எடுக்க அனுமதிக்கிறது. பதிப்பகப் பட்டியலிலிருந்து மறைந்துவிட்ட அரிய நூல்களுக்கு மட்டும் விலக்கு. மின்னிதழ் என்றால் சட்டத்தோடு பதிப்பகத்தின் உரிம ஒப்பந்தமும் சேர்ந்துகொள்ளும். கோப்பை நூலகங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளலாம், வாசகருக்கு அச்செடுத்த தாள்தான் என்று சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. எது எதை அனுமதிக்கிறது என்று ஒவ்வொரு நூலகரும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டாம் என்பதற்காக 'ஆல்பே' என்ற உரிமக் களஞ்சியத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். "கணினியில் வந்ததை எனக்கு ஏன் காகிதத்தில் தருகிறீர்கள்?" என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். சட்டப்படியான பதில் என்னிடம் இருக்கிறது. நியாயமான பதில் இல்லை.

புத்தகங்கள் தபாலில் போகும். புத்தகங்களுக்கென்றே 'பியேகோ தி லீப்ரி' என்ற மலிவான கட்டணம் இருக்கிறது. 5 கிலோ வரை அனுப்பலாம். எல்லாப் புத்தகமும் வெளியே போகாது. பழைய பதிப்புகளுக்கும் நலிந்த பிரதிகளுக்கும் மறுப்புதான் வரும், வரவும் வேண்டும். ஃபுளோரன்ஸ் தேசிய மத்திய நூலகத்தில் 1966 நவம்பர் 4ஆம் தேதி வெள்ளத்தில் நனைந்தவற்றில் ஒரு பகுதி இன்னும் சீரமைப்புக்குக் காத்திருக்கிறது. அப்படி ஒரு காரணத்தைச் சொல்லி மறுத்தால் யாருக்கும் வருத்தமில்லை, வேறு பிரதியைத் தேடப் போய்விடலாம். ஆகஸ்ட் நடுவில் நாடே விடுமுறையில் இருக்கும்போது, மூடியிருப்பதை முன்கூட்டியே அறிவித்துவிடும் நூலகங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன்.

எங்கள் ஆண்டறிக்கைக்கு இதெல்லாம் புரிவதில்லை. நிறைவேற்றிய கோரிக்கைகள் ஒரு பத்தியில், மறுத்தவை இன்னொரு பத்தியில். இரண்டாவது எண் கூடினால் மேலே இருப்பவர்கள் புருவம் உயர்த்துவார்கள். அதனாலேயே சில இடங்களில், இல்லை என்று தெரிந்த பிறகும் "பார்க்கிறோம்" என்று கோரிக்கையை ஊறப்போடுகிறார்கள். மறுப்பு எத்தனை மணி நேரத்தில் போனது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும் என்று எங்கள் இயக்குநரிடம் கேட்டிருக்கிறேன். அறிக்கையின் பக்கம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்கிறார். பத்தொன்பதாம் பக்கத்தில் கட்டடத்தின் வண்ணப்படம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் இடம் கிடைக்கும்.