நீர்மோரில் நீர்தான் முக்கியம்

போன வாரம் வெயிலில் அலைந்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து நீர்மோர் கேட்டேன். வந்தது பச்சையாக இருந்தது. இஞ்சி, மிளகாய், கருவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் தயிரோடு சேர்த்து மிக்சியில் ஒரே ஓட்டாக ஓட்டி, லஸ்ஸிக்குத் தம்பி மாதிரி கெட்டியாக, மேலே இரண்டு ஐஸ் கட்டியோடு. குடித்து முடித்தபோது பல் இடுக்கெல்லாம் கருவேப்பிலை. தாகம் மட்டும் அப்படியே இருந்தது, வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பெயரிலேயே முதலில் நீர், அப்புறம்தான் மோர். 'மோரைப் பெருக்கு, நெய்யை உருக்கு' என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பெருக்குதான் விஷயம். என் கணக்கு, ஒரு டம்ளர் தயிருக்கு நாலு டம்ளர் தண்ணீர். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு 'என்ன இது, கழுநீர் மாதிரி இருக்கு' என்றுதான் தோன்றும். குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் மதுரைப் பக்கம். செய்யக் கற்றுக்கொடுத்தது அப்பத்தா. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: காரம் நாக்குக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதனால் மிக்சி கிடையாது. அரை விரல் நீளத்துக்கு இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், ஒரு ஈர்க்கு கருவேப்பிலை, கொத்தமல்லியில் இலையைவிடத் தண்டு அதிகமாக, இவற்றோடு ஒரு டீஸ்பூன் கல் உப்பையும் போட்டுச் சின்ன உரலில் நாலைந்து தட்டு. உப்பு சேர்ந்து இடிபடும்போது சாறு சீக்கிரம் விட்டுவிடும், இஞ்சியும் வழுக்கி ஓடாது. நசுங்கினால் போதும், விழுதாகக் கூடாது. விழுதானால் மோரின் நிறமும் போகும், கருவேப்பிலையின் கசப்பும் இறங்கும். நசுக்கியதை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீரும் அந்த நாலு டம்ளர் கணக்கில் சேர்த்திதான்.

தயிர் முந்தின நாள் தயிராக இருக்க வேண்டும். அன்றைக்கு உறைந்த இனிப்புத் தயிரில் இவ்வளவு தண்ணீர் ஊற்றினால் பால் பாத்திரம் கழுவின தண்ணீர் போல இருக்கும், புளிப்பு இருந்தால்தான் நாலு மடங்கு தண்ணீரையும் தாங்கும். புளிப்புப் போதவில்லை என்றால் அரை மூடி எலுமிச்சை பிழியலாம், மாங்காய்க் காலத்தில் ஒரு துண்டு மாங்காயையும் உரலில் சேர்த்துத் தட்டலாம். தயிரைத் தண்ணீர் விடாமல் முதலில் தனியாகக் கடைந்துவிடுங்கள். தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிட்டால் கட்டிகள் மத்துக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆடை அதிகமாக இருந்து வெண்ணெய் திரண்டால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பெருங்காயம் பற்றி ஒரு வார்த்தை. தூள் வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும், மாவும் கோந்தும் கலந்துதான் வரும். தாளிப்பில் எண்ணெயில் பொரிந்தால் சரி, மோரில் பச்சையாகப் போட்டால் அடியில் மாவு மாதிரி படியும். கட்டிப் பெருங்காயத்தில் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு கரண்டி தண்ணீரில் முந்தின இரவே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மட்டும் விடுங்கள். (ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்துதான் இத்தனை காலமும் நமக்குப் பெருங்காயப் பால் வந்துகொண்டிருந்தது. 2020-இல்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் செடியையே நட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது இல்லாமல் நம் வீட்டில் ஒரு ரசம் உண்டா?)

தாளிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கடுகு தாளித்தால் வாசனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை தேங்காய் எண்ணெயில் தாளித்துக் குளிர்ந்த மோரில் கொட்டிவிட்டேன், எண்ணெய் உறைந்து மெழுகுத் துணுக்கு மாதிரி மேலே மிதந்தது, உதட்டில் ஒட்டியது. அதிலிருந்து நீர்மோருக்குத் தாளிப்பு இல்லை. சாதத்துக்கு ஊற்றிக்கொள்ளும் மோர் என்றால் அது வேறு கதை.

உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், வேர்வையில் தண்ணீர் மட்டுமா போகிறது, உப்பும்தானே போகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்களில் எங்கள் தெருவிலும் ஒரு மோர்ப் பந்தல் போடுவார்கள். அண்டாவை வைத்து ஊற்றுகிற வேலை எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு. மோர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மேலே தெளிநீர் பிரிந்துவிடும், அடியில் மோர் தங்கிவிடும். நான் அது தெரியாமல் மேலாக மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவர்களுக்கு இஞ்சி வாசனையில் வெறும் உப்புத் தண்ணீர், கடைசியில் வந்தவர்களுக்குத் தயிர். ஒரு தாத்தா குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, 'மோர் எங்கத்தா, வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?' என்றார். ஒவ்வொரு தடவையும் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி மொள்ள வேண்டும். வீட்டுச் சொம்பிலும் இதேதான்.

குளிர்ச்சிக்கு ஐஸ் போடாதீர்கள். கரையக் கரைய ருசி மாறும், அதுவும் பந்தலில் பாளம் பாளமாக வாங்கிப் போடுகிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததா என்று யாருக்குத் தெரியும். மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். இதில் ஒரு ஏமாற்றம் எனக்கு. மதுரையிலிருந்து ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்த பானை சென்னையில் அந்த அளவுக்குக் குளிரவில்லை. பானை மேல் பழியில்லை, கடல் காற்றின் ஈரத்தில் பானை மேல் கசியும் தண்ணீர் ஆவியாக வழியில்லை, ஆவியானால்தானே உள்ளே குளிரும். இங்கே தயிரையும் தண்ணீரையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்திருந்து, குடிக்கிற நேரத்துக்குக் கலந்துகொள்கிறேன்.

அலுத்துப்போனால் பக்கத்து ஊர்களைப் பார்க்கலாம். கேரளத்து நீர்மோரான சம்பாரத்தில் சின்ன வெங்காயமும் நாரத்தை இலையும் தட்டிப் போடுவார்கள், நாரத்தை இலை கிடைத்தால் விடாதீர்கள். குஜராத்தில் 'சாஸ்' என்று சொல்லும் மோரில் வறுத்த சீரகப் பொடியும் கறுப்பு உப்பும். சீரகம் எனக்குப் பிடிக்கும், கறுப்பு உப்பின் அந்த முட்டை வாடை மட்டும் இன்னும் பழகவில்லை.

கத்திரி வெயிலில் கலந்த மோர் மதியத்துக்கு மேல் வெளியே நிற்காது, சுருக்கென்று புளித்துவிடும். புளித்த மோரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும், ஆனால் அது உப்புப் போடாத மோர். நான் மிச்சமான நீர்மோரை ஒரு வாரம் தொட்டிச் செடிக்குச் செல்லமாக ஊற்றி வளர்த்தேன். இப்போது கருவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போய் நிற்கிறேன்.